டிஸ்க்குக்கும் ஒரு கோணல் உண்டு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹார்டு டிஸ்க் பற்றியவை. மழைக்காலம் தொடங்கினால், இங்கே மொரிஷியஸில் ரோஸ் ஹில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் பழுதுபார்ப்புக் கடையிலும் இதே கதைதான். இடி, மின்வெட்டு, ஈரம், அப்புறம் பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் துண்டில் சுற்றிய ஒரு டிஸ்க்.

ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் கெட்டுப்போகவில்லை, ஆனால் விதிப்படியும் நடக்கவில்லை என்றால் அதை ஆங்கிலக்காரர்கள் க்விர்க் என்பார்கள். என் மாமியார் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, “ஆள் நல்லவர்தான், கொஞ்சம் கோணல்” என்பார். எனக்கு அந்தச் சொல்லே போதும். கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று பேசும் மென்பொருள்தான் டிரைவர். எந்த டிஸ்க்குக்கு என்ன கோணல் என்று தெரிந்து அதற்கு ஏற்ப நடந்துகொள்வது அதன் வேலையில் பெரும் பகுதி.

கேள்வி: அம்மா, என் 3 டெராபைட் வெளி ஹார்டு டிஸ்க்கின் யுஎஸ்பி வாய் உடைந்துவிட்டது. பேரன் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த டிஸ்க்கை நேராகக் கணினியில் மாட்டினான். “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கிறது. மறைந்த என் மனைவியின் படங்கள் எல்லாம் அதில்தான். டிஸ்க் செத்துவிட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வாக்வா

பதில்: ஐயா, முதலில் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அதன் பிறகு மீதியைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டிஸ்க் சாகவில்லை என்றே நினைக்கிறேன். இடத்தை அளக்கும் கோல் மாறிவிட்டது, அவ்வளவுதான். டிஸ்க் தன் இடத்தை 512 பைட் கொண்ட சின்னச் சின்ன செக்டர்களாக எண்ணித் தரும். டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று குறித்து வைப்பது பகுப்பு அட்டவணை. பழைய முறை அட்டவணையில் செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் இடம். அதில் சுமார் 429 கோடி எண்கள் அடங்கும். 512 ஆல் பெருக்கினால் 2.2 டெராபைட் அளவில் நின்றுவிடும். அதற்கு அப்பால் இருக்கும் இடம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளுக்குத் தெரியாது. 3 டெராபைட் டிஸ்க் கடைக்கு வந்தபோது, பெட்டி செய்தவர்களில் சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னப் பச்சைப் பலகை இருக்கும். அதில் உள்ள சிப், எட்டு செக்டர்களை ஒரே கட்டாகக் கட்டி, “இது 4096 பைட் கொண்ட ஒரு செக்டர்” என்று கணினியிடம் சொல்லும். எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகிவிடும், பழைய கணினியும் முழு இடத்தையும் பார்க்கும். பெட்டிக்குள் இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை.

பேரன் டிஸ்க்கை வெளியே எடுத்ததும் அந்தச் சிப் போய்விட்டது. அட்டவணையில் “உங்கள் பகுதி 256 ஆம் செக்டரில் தொடங்குகிறது” என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். எழுதியபோது அது 256 × 4096, அதாவது 1,048,576 ஆவது பைட். இப்போது கணினி அதையே 256 × 512 என்று படித்து 131,072 ஆவது பைட்டில் போய்த் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. “காலியாக இருக்கிறதே, ஃபார்மட் செய்யவா?” என்கிறது. நம் ஊர் நிலப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்ப்பான் என்ற நில அளவில் எழுதிய கணக்கை ஒருவர் பேர்ஷ் என்ற சின்ன அளவாகப் படித்தால், 100 பேர்ஷ்தான் ஒரு ஆர்ப்பான் என்பதால், பத்து ஆர்ப்பான் கரும்புத் தோட்டம் வாசல் திண்ணையோடு முடிந்துவிடும். நிலம் எங்கும் போயிருக்காது.

இது எனக்குத் தெரிந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. கடை தொடங்கிய புதிதில் ஒருவர் இதே போல ஒன்றைக் கொண்டுவந்தார். நானும் அவசரக்காரி. புதிய டிஸ்க் போலக் காட்டுகிறதே என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டேன். அது அட்டவணையை மட்டும்தான் அழித்தது, படங்கள் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்பக் கோத்து எடுக்க நான்கு இரவுகள் ஆயின. அவரிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எளியது, உடைந்த யுஎஸ்பி வாயை அந்தப் பச்சைப் பலகையிலேயே திரும்பப் பற்ற வைப்பது. கைப்பேசி பழுதுபார்ப்பவர் எவரும் செய்வார். அடுத்தது, அதே மாதிரிப் பெட்டி ஒன்று தேடி டிஸ்க்கை அதில் போடுவது. மூன்றாவது, விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, டிஸ்க்கை லூப் சாதனமாக, செக்டர் அளவு 4096 என்று சொல்லி, படிக்க மட்டும் திறக்கச் சொல்வது. திறந்ததும் படங்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடலாம். எந்த வழி என்றாலும் அந்தப் பச்சைப் பலகையை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சில பெட்டிகளில் அந்தச் சிப் எல்லாத் தகவலையும் பூட்டியும் வைக்கும். அந்த வகையாக இருந்தால் மூன்றாம் வழி நடக்காது, பலகை இல்லாமல் சாவியே இல்லை.

கேள்வி: அக்கா, ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் எஸ்எஸ்டி டிஸ்க்கை யுஎஸ்பி 3 பெட்டியில் போட்டு மாட்டியிருக்கிறேன். பெரிய கோப்பை நகல் எடுத்தால் அப்படியே அரை நிமிடம் உறைந்துபோய், பிறகு ஓடுகிறது. அதே பெட்டி விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறது. “யுஏஎஸ்ஸை நிறுத்து” என்கிறான் நண்பன். அது என்ன? நிறுத்தினால் கெடுதலா?
— மாணவர், ரெதுவி

பதில்: தம்பி, அந்த அரை நிமிடமே உன் நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. லினக்ஸ் ஒரு டிஸ்க்கிடம் வேலை சொல்லிவிட்டுப் பதிலுக்கு வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் சாதனத்தைத் தட்டி எழுப்பித் திரும்ப ஆரம்பிக்கும். நீ பார்க்கும் உறைதல் அந்த 30 நொடிதான்.

யுஎஸ்பி டிஸ்க்கோடு பேச இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய முறையில் ஒரு வேலை சொல்லி, அது முடிந்த பின்தான் அடுத்தது. யுஏஎஸ் என்ற புதிய முறையில் பல வேலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், சாதனம் வசதிப்படி முடித்துக் கொடுக்கும். டால் பூரி வண்டியைப் பார்த்திருப்பாய். பழகிய கை என்றால் பத்துப் பேர் கேட்டதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கு மிளகாய், யாருக்கு வேண்டாம் என்று தப்பாமல் சுற்றித் தள்ளும். புதிதாக வந்த பையனிடம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவான். மலிவான பெட்டிகளின் சிப்புகளில் சில அந்தப் பையன்தான். பத்து வேலையும் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு வந்திருக்கிறான்.

விண்டோஸில் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறாய். பெட்டி செய்பவர் பெரும்பாலும் விண்டோஸில் போட்டுப் பார்த்துவிட்டு விற்பனைக்கு அனுப்பிவிடுகிறார். விண்டோஸ் கேட்காத சில கேள்விகளை லினக்ஸ் கேட்கும். “உனக்கு எந்தெந்தக் கட்டளைகள் தெரியும், பட்டியல் கொடு” என்பது அதில் ஒன்று. தெரியாது என்று பதில் சொல்லியிருந்தால் போதும். சில சிப்புகள் கேள்வியைக் கேட்டதுமே மயங்கி விழுந்துவிடும். கல்யாண வீட்டில் சில மாமாக்களிடம் பாகப் பிரிவினை பற்றி வாய் திறக்கக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் முன்பே சொல்லி வைப்பார்கள் அல்லவா, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அப்படி ஒரு பட்டியலே இருக்கிறது. இன்ன தயாரிப்பாளர் எண், இன்ன பொருள் எண் என்றால் இதைக் கேட்காதே, இவ்வளவுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்பாதே என்று வரி வரியாக எழுதியிருக்கும்.

உன் பெட்டி பட்டியலில் இல்லாவிட்டால் நீயே சேர்த்துக்கொள்ளலாம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை உன் பெட்டியின் இரண்டு எண்களைக் காட்டும். கெர்னல் தொடங்கும்போது படிக்கும் வரியில் யுஎஸ்பி ஸ்டோரேஜ் க்விர்க்ஸ் என்ற பகுதியில் அந்த எண்களை எழுதி, பின்னால் யு என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் யுஏஎஸ் நின்றுவிடும், பழைய முறை வரும். ராஸ்பெர்ரி பையில் அந்த வரி இருக்கும் கோப்பில் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவில் என்டர் தட்டிவிட்டு, இயந்திரம் எழுந்திருக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கெடுதல் இல்லை. வேகம் குறையும், சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் நன்றாகவே தெரியும். ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன் மின்சாரத்தைப் பார். பை 4 இன் நான்கு யுஎஸ்பி வாய்களுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். எஸ்எஸ்டி எழுதும்போது நிறைய இழுக்கும். தனி மின்சாரம் தரும் யுஎஸ்பி ஹப் ஒன்றைக் கடன் வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பார். உறைதல் நின்றுவிட்டால் பெட்டியின் மேல் பழி போட வேண்டாம்.

கேள்வி: லினக்ஸ் கெர்னலின் கோணல் பட்டியலில் சாம்சங் எஸ்எஸ்டிகளின் பெயர் வரிசையாக இருக்கிறது. 2015 இல் அவை தகவலை அழித்த கதையும் படித்தேன். அலுவலகத்துக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
— போர்ட் லூயி

பதில்: நீங்கள் இரண்டு வேறு கதைகளை ஒரே பையில் போட்டுவிட்டீர்கள். நீங்கள் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் போட்டது.

டிரிம் என்ற கட்டளை “இந்த இடங்கள் இனி எனக்கு வேண்டாம்” என்று எஸ்எஸ்டியிடம் சொல்வது. அதை மற்ற வேலைகளோடு வரிசையில் சேர்த்து அனுப்பும் முறை, டிஸ்க்கும் கணினியும் பேசும் சாட்டா விதிமுறையின் 3.1 பதிப்பில் வந்தது. சாம்சங்கின் 840 ஈவோ, 850 போன்றவை தங்களுக்கு அது தெரியும் என்றன, ஆனால் சரியாகச் செய்யவில்லை. அதனால் “இவற்றுக்கு டிரிம் அனுப்பு, வரிசையில் சேர்த்து மட்டும் அனுப்பாதே” என்று கெர்னலில் எழுதி வைத்தார்கள். மைக்ரான், குருஷியல் பெயர்களும் அதே பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் கண்ட வரிகளில் இவை சில.

2015 கதை வேறு. அல்கோலியா என்ற தேடல் நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளுக்கு நடுவே சில துண்டுகள் வெறும் பூஜ்யமாக மாறியிருந்தன. சாம்சங் எஸ்எஸ்டி மேல் சந்தேகம் விழுந்தது, செய்தியும் பரவியது. சாம்சங் பொறியாளர்கள் அதே நிலையை உண்டாக்கித் துருவிப் பார்த்தபோது, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் லினக்ஸ் கெர்னலின் ரெய்டு பகுதியில், டிரிம் கட்டளையைத் துண்டாக்கும் இடத்தில் பிழை இருந்தது தெரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் திருத்தமும் அனுப்பினார்கள். திருடன் என்று பிடித்தவன் கடைசியில் உண்மையான ஓட்டையைக் காட்டிக் கொடுத்தான்.

பட்டியலில் பெயர் இருப்பது அவமானம் இல்லை. நிறையப் பேர் வாங்கினார்கள், யாரோ பொறுமையாக ஆராய்ந்தார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பெயரே கேள்விப்படாத எஸ்எஸ்டி பட்டியலில் இல்லை என்பதற்காக அதை நம்பி அலுவலகக் கணக்கை வைக்க மாட்டேன். வேடிக்கை ஒன்று: அந்தப் பட்டியலின் குறிகளுக்குக் கெர்னல்காரர்கள் வைத்திருந்த பெயர் ஹார்க்கேஜ், பாதி கேலிச் சொல். 2024 இல்தான் அதை மாற்றிக் க்விர்க் என்று ஒழுங்காக எழுதினார்கள்.

கேள்வி: மென்பொருள் ஒரு சாதனத்தை நிஜமாகவே கொல்ல முடியுமா?
— பள்ளி மாணவி, க்யூர்பிப்

பதில்: முடிந்திருக்கிறது. 2003 இல் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 வெளிவந்தபோது, அதை நிறுவியவர்கள் சிலரின் எல்ஜி சிடி டிரைவ்கள் செத்துப்போயின. லினக்ஸ் அனுப்பியது “கையில் வைத்திருப்பதை எழுதி முடி” என்ற சாதாரணக் கட்டளை. படிக்க மட்டும் தெரிந்த டிரைவ் அதற்கு “எனக்குத் தெரியாது” என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மாடல்களோ அதே கட்டளை எண்ணைத் தங்கள் ஃபர்ம்வேரை, அதாவது தங்களுக்குள்ளேயே இருந்து தங்களை இயக்கும் மென்பொருளை, மாற்றும் உத்தரவாக வைத்திருந்தன. “எழுதி முடி” என்றது, அவை தங்கள் தலையையே அழித்துக்கொண்டன. கட்டளை அனுப்பிய லினக்ஸ் மேல் முழுக் குற்றம் இல்லை, ஆனால் செத்தது செத்ததுதான்.

யாரும் எதுவும் அனுப்பாமலே நேரம் வந்ததும் சாகும் வகையும் உண்டு. சர்வர் விற்கும் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டிகளில் சில 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும் என்று 2019 நவம்பரில் அறிவித்தது. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் 32,768 என்று உன் கணக்கு டீச்சரிடம் சொல், மீதியை அவரே புரிந்துகொள்வார். இதை டிரைவரால் சமாளிக்க முடியாது. நேரத்துக்குள் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது ஒன்றே வழி. ஒரே நாளில் வாங்கி ஒன்றாக ஓட்டிய டிஸ்க்குகள் ஒரே நாளில் போகும் என்பதுதான் இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கேள்வி: 2024 ஜனவரியில் பெலால் புயல் வெள்ளத்தன்று மின்சாரம் போவதற்குச் சற்று முன் கடைக் கணக்கை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். முடிந்தது என்றே காட்டியது. மறுநாள் பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. இனி எதை நம்புவது?
— கடைக்காரர், போர்ட் லூயி

பதில்: அன்று போர்ட் லூயித் தெருவில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்குக் கணக்குக் கோப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது.

கோப்பு இரண்டு இடங்களில் இளைப்பாறும். முதலில் கணினியின் நினைவகத்தில். லினக்ஸ் அங்கே சுமார் 30 நொடிவரைகூட வைத்திருக்கும். அடுத்து டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் சின்ன நினைவகத்தில். “எல்லாவற்றையும் இப்போதே தட்டில் எழுது” என்று டிரைவர் உத்தரவு போட்டால்தான் இரண்டாவது காலியாகும். சில யுஎஸ்பி சிப்புகள் “என்னிடம் அப்படி நினைவகமே இல்லை” என்று சொல்லிவிடும். இல்லை என்கிறதே என்று டிரைவரும் உத்தரவு போடாது. இப்படிப் பொய் சொல்லும் பெட்டிக்கும் கோணல் பட்டியலில் ஓர் எழுத்து உண்டு: அது என்ன சொன்னாலும் சரி, ஒவ்வொரு முறையும் உத்தரவைப் போட்டுவிடு. விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளைச் சட்டென்று பிடுங்கலாம் என்பதே இயல்பு நிலை. அதிலும் பெட்டி பொய் சொன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நான் செய்வது: டிஸ்க்கை வெளியேற்றும் பொத்தானை அழுத்துவேன். விளக்கு அணைந்த பிறகும் மனத்துக்குள் பத்து முறை முருகா சொல்லிவிட்டுத்தான் கேபிளைத் தொடுவேன். கடைக்கு வருகிறவர்கள் பக்தி என்று நினைக்கிறார்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு நகல் எடுக்க உட்காருவதில்லை, முதல் நாளே எடுத்துவிடுவேன்.

கேள்வி: என் டிஸ்க் சும்மா இருக்கும்போதே சில நொடிக்கு ஒருமுறை மெல்ல ‘டிக்’ என்கிறது. பயப்படணுமா?
— காத்ர் போர்ன்

பதில்: மின்சாரம் மிச்சப்படுத்த, வேலை இல்லை என்றால் டிஸ்க் தகவலைப் படிக்கும் தன் முள்ளைத் தூக்கி ஓரமாக வைக்கும். சத்தம் அது. சில பச்சை வகை டிஸ்க்குகள் 8 நொடி சும்மா இருந்தாலே தூக்கிவிடும். முள் தூக்கி வைப்பதற்கு அந்த வகைக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 3,00,000 தடவை. பத்து நொடிக்கு ஒருமுறை ஏதோ ஒரு நிரல் ஒரு வரி எழுதினால் ஒவ்வொரு முறையும் தூக்கும், இறக்கும். 30,00,000 நொடி, அதாவது 35 நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவலில் லோட் சைக்கிள் எண்ணைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஏறுகிறது என்றால் அந்த 8 நொடி நேரத்தைக் கூட்டிவிடலாம், டிஸ்க்கைக் கொண்டுவாருங்கள். ‘டிக்’ இல்லாமல் ‘டொக் டொக்’ என்றால் உடனே அணைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: திருவிழாக் கடையில் 2 டெராபைட் பென் டிரைவ் மிக மலிவாகக் கிடைத்தது. பாதி படம் திறக்கவில்லை.
— திரியோலே

பதில்: அது கோணல் இல்லை, திருட்டு. உள்ளே சில ஜிகாபைட்தான் இருக்கும், மீதி பெயருக்கு. பழைய இடத்திலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும். முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும் எஃப்3 போன்ற நிரல் ஒன்றை ஓட்டினால் உண்மை தெரியும். முதலில், திறக்கிற படங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே மாதிரி மலிவான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இரண்டு மாட்டினேன். லினக்ஸைப் புதுப்பித்த பிறகு ஒன்றுதான் தெரிகிறது.
— வாக்வா

பதில்: ஒவ்வொன்றுக்கும் உலகத்திலேயே தனியான ஓர் அடையாள எண் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை அச்சடித்துவிட்டார்கள். ஒரே அடையாள அட்டை எண்ணோடு இரண்டு பேர் வந்தால் வங்கி என்ன செய்யும்? கெர்னலும் இரண்டாமவரை வெளியே நிறுத்தியது. “இந்த மாடலின் எண்ணை நம்பாதே” என்று மாடல் மாடலாகக் கெர்னலில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். இன்னும் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: இத்தனை கோணல் பார்த்திருக்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்தது எது?
— வாசகி, மாஹேபூர்

பதில்: நல்ல கேள்வி, இப்படி யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று கூடிப்போகும் கோணல். டிஸ்க்கிடம் “உன் கடைசி செக்டரின் எண் என்ன?” என்று டிரைவர் கேட்கும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், ஆயிரம் செக்டர் இருந்தால் கடைசி எண் 999. சில பெட்டிகளும் கேமராக்களும் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு மொத்த எண்ணிக்கையான 1000 என்று சொல்லிவிடும். டிரைவரோ ஒன்று கூட்டி, 1001 இருக்கிறது என்று நம்பும். புதிய முறைப் பகுப்பு அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்குமே என்று, மாட்டியதும் கணினி இல்லாத அந்தச் செக்டரைப் போய்ப் படிக்கும். அங்கேயே சில சாதனங்கள் விறைத்துவிடும்.

தெரிந்த மாடல் என்றால் பட்டியலைப் பார்த்து ஒன்று கழித்துவிடுவார்கள். சில மாடல்கள் ஒருநாள் உண்மை, ஒருநாள் பொய். அதே பெயரில் உள்ளே வேறு டிஸ்க் வைத்து விற்றிருப்பார்கள். அவற்றுக்கு டிரைவர் எழுதியவர்கள் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உண்மையான டிஸ்க்கில் செக்டர்கள் பெரும்பாலும் இரட்டைப்படையில்தான் இருக்கும், அதனால் ஒற்றைப்படை வந்தால் பொய் என்று வைத்துக்கொண்டு ஒன்றைக் கழி, இரட்டைப்படை என்றால் விட்டுவிடு. அவ்வளவுதான். நம் வீட்டுக் கல்யாணத்தில் நூறு என்று எழுத மனம் வராமல் நூற்றொன்று என்று மொய் எழுதுகிறோம். டிஸ்க் நூற்றொன்று என்றால் டிரைவர் அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.